எழுபத்தோரு சதவீதம் கவனக்குறைவு

ஹரி முதன்முதலாகத் திருச்சுழிக்கு வந்த அன்று பாண்டீஸ்வரி ஒரு மிக்ஸியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் வயிற்றுக்குள் செத்துக் கிடந்த கரப்பான்பூச்சிகளைப் பழைய பல் பிரஷ்ஷால் கூட்டிக்கொண்டிருந்தாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் உரக்கடைக்கும் இடையில், ஒரு ஷட்டர் அகலம்தான் அவள் கடை. அந்த ஷட்டரை முழுக்க மறைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கண்ணாடி மட்டும் இறங்கியது. ஆள் இறங்கவில்லை.

“ஏம்மா, இங்க டிவி ரிப்பேர் பாக்குறவரு எங்க?”

“நாந்தான் பாக்குறேன். டிவி எங்க?”

“டிவி இல்ல. நான் ரிசர்ச் பண்றேன்.”

“அது இங்க பாக்குறதில்ல,” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கரப்பான்பூச்சியைத் தட்டினாள்.

அதன் பிறகுதான் ஹரி காரை விட்டு இறங்கினான். அருப்புக்கோட்டையில் டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் ஐயாத்துரையின் மூத்த மகன். வணிகவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஐந்து வருஷம் ஓடிவிட்டது. “கிராமப்புற நுகர்வோர் மின்னணுச் சாதனங்களின் ஆயுளும் செயலிழப்பும்” என்பது தலைப்பு. ஐந்நூறு படிவம் அச்சடித்து, கடையில் வேலை செய்கிறவர்களை விட்டே நிரப்பச் சொல்லி, ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அவனுடைய வழிகாட்டி முனைவர் ஜெகதீஸ்வரனுக்கே அது கொஞ்சம் கூச்சமாக இருந்ததாம். நிஜமாகவே ஊருக்குள் போன மாதிரி தெரிகிற ஏதாவது ஒன்றைக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார். யாரோ ஒரு வாடிக்கையாளர் திருச்சுழியில் ஒரு பொம்பளை இருக்கிறாள், ரிப்பேருக்கு வருகிற ஒவ்வொரு சாமானுக்கும் சீட்டு எழுதி வைப்பாள் என்று சொல்ல, ஹரி காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

சீட்டு உண்மைதான். பாண்டீஸ்வரியின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். அவள் அருப்புக்கோட்டையில் டிப்ளமோ படித்து, மதுரையில் ஒரு சர்வீஸ் சென்டரில் நாலு வருஷம் வேலை பார்த்தாள். அங்கே கோளாறு என்னவென்று பார்க்கவே விட மாட்டார்கள். போர்டைக் கழற்று, புதுப் போர்டை மாட்டு, அவ்வளவுதான். அந்த வேலையைக் குரங்குக்குச் சொல்லிக்கொடுத்தாலும் செய்யும் என்று மேனேஜரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஊர் திரும்பியவள். சொந்தமாகக் கடை போட்ட நாளிலிருந்து, ஒரு சாமான் வந்தால் தேதி, ஊர், யாருடையது, என்ன சாமான், எது போயிருக்கிறது, எதனால் போனது என்று ஒரு சீட்டில் எழுதிக் கம்பியில் குத்திவிடுவாள். எதனால் என்பதற்கு ஒற்றை எழுத்து. கையில் பசையும் கரியும் இருக்கும்போது நீட்டி முழக்கி எழுத முடியாது. எலி கடித்ததற்கும் எறும்பு கூடு வைத்ததற்கும் ‘எ’. ஈரத்துக்கு ‘ஈ’. வயசாகித் தானாகப் போனதற்கு ‘வ’. கரண்ட் கூடிக் குறைந்து போனதற்கு ‘க’. ஒன்பது வருஷத்தில் நாலாயிரம் சீட்டு சேர்ந்திருந்தது.

அந்தக் கம்பிகளைப் பார்த்ததும் ஹரியின் குரலே மாறிவிட்டது. ‘ஏம்மா’ போய் ‘அக்கா’ வந்தது.

“அக்கா, இதெல்லாம் எனக்குக் குடுத்தீங்கன்னா உங்க பேரு தீசிஸ்ல வரும். யுனிவர்சிட்டி லைப்ரரில காலத்துக்கும் இருக்கும்.”

பேருக்கு ஆசைப்படுகிறவளா நான் என்று பாண்டீஸ்வரி உதட்டைச் சுழித்தாள். ஆனால் அவளுக்கு ஒரு காரியம் இருந்தது. நரிக்குடிப் பக்கம் ஒத்தப்பனைக்குளம் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ச் சாமான்கள் ஒவ்வொன்றாக வராது. வந்தால் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு வரும். எல்லாவற்றிலும் ‘க’. ட்ரான்ஸ்பார்மரில் நியூட்ரல் கம்பி எங்கோ லூசாக இருக்கிறது, காற்று அடித்து அது விடும்போதெல்லாம் வீடுகளுக்குள் இரண்டு மடங்கு கரண்ட் பாய்கிறது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்து மின்சார ஆபீஸுக்குப் போய்ச் சொன்னாள். மேசைக்குப் பின்னாலிருந்த ஆள், “டிவி ரிப்பேருக்கும் எங்களுக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று கேட்டு அனுப்பிவிட்டார். படித்த ஆள் ஒருவன் புத்தகமாகப் போட்டுச் சொன்னால் கேட்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

“எடுத்துட்டுப் போங்க தம்பி. எழுத்துக்கு அர்த்தம் சொல்றேன், எழுதிக்கங்க.”

அதற்குள் ஹரிக்கு ஒரு போன் வந்துவிட்டது. கம்பிகளைக் காரின் பின்சீட்டில் போட்டபடியே, “அதெல்லாம் டேட்டா என்ட்ரில பாத்துக்குவாங்கக்கா,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

லாரி ஓட்டுகிற அவள் புருஷன் இன்பராஜ் இரண்டு நாள் கழித்து லோடு இறக்கிவிட்டு வந்தான். கடைக்குள் கம்பிகளைக் காணோம்.

“உன் பேரையா போடப் போறான் அவன்?” என்றான். “கார்ல வந்தான், அள்ளிட்டுப் போயிட்டான். அம்புட்டுத்தான்.”

“பேருக்காகக் குடுக்கல.”

“பெறகு?”

கொஞ்சம் பேருக்காகவும்தான் கொடுத்தாள். அதை இன்பராஜிடம் ஒத்துக்கொள்கிற அளவுக்கு அவள் இளகியவள் அல்ல.

எட்டு மாசம் ஆயிற்று. போன் இல்லை, சீட்டும் திரும்பவில்லை. உதிரிச் சாமான் வாங்க அருப்புக்கோட்டைக்குப் போன ஒரு நாள், நேரே ஐயாத்துரையின் கடைக்குள் போய்விட்டாள். பளிங்குத் தரை. சுவர் நிறைய டிவிக்கள். எல்லாவற்றிலும் ஒரே மீன் நீந்திக்கொண்டிருந்தது. அந்த டிவிக்களின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே என்ன தரத்தில் சாமான் இருக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. ஐயாத்துரை கல்லாவிலிருந்து ஏற இறங்கப் பார்த்தார்.

“நீதான் அந்த ரிப்பேர் பாக்குற பொண்ணா? தம்பி குடோன்ல இருக்கான், போய்ப் பாரு.”

குடோனில் வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் அவள் சீட்டுகள் கிடந்தன. கம்பியை உருவி எறிந்துவிட்டு மொத்தமாகக் கொட்டியிருந்தார்கள். ஒரு மூலையை எலி கடித்திருந்தது. ஹரி கொஞ்சமும் அசராமல் சிரித்தான்.

“எல்லாம் முடிஞ்சதுக்கா. தீசிஸ் சப்மிட் பண்ணியாச்சு. நானே குடுத்துவிடலாம்னு இருந்தேன். வைவாவுக்கு அவசியம் வரணும்.”

ஒரு அழைப்பிதழைக் கொடுத்தான். தங்க எழுத்து, ஓரத்தில் பூவேலை. வாய்மொழித் தேர்வுக்குக்கூடக் கல்யாணப் பத்திரிகை மாதிரி அடிக்கிறவர்களை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். சீட்டுகளை உரச்சாக்கில் அள்ளிப் போட்டு, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் தேதி வாரியாகப் பிரித்து மறுபடியும் கம்பியில் குத்த ஒரு வாரம் ஆயிற்று.

வைவாவுக்கு அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டு. காலையில் அதைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது இன்பராஜ் பார்த்துச் சிரித்தான். “சும்மா இருங்க,” என்றாள்.

ஐயாத்துரை அறங்காவலராக இருந்த ஒரு கல்லூரியின் கருத்தரங்கக் கூடம் அது. முதல் மூன்று வரிசையில் ஹரியின் சொந்தபந்தம். அதற்குப் பின்னால், கடைக்கு அரை நாள் விடுமுறை விட்டுக் கூட்டிவரப்பட்ட வேலைக்காரர்கள், கைதட்டுவதற்கு. மேடையில் முனைவர் ஜெகதீஸ்வரனும், எங்கோ தூரத்திலிருந்து தேர்வாளராக வரவழைக்கப்பட்ட ஒரு வயதான பேராசிரியரும். பேராசிரியர் மதுரையில் ரயில் பிடிக்க வேண்டியவர் என்பது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. இந்தப் பகுதியில் இதுவரை யாரும் செய்யாத அளவுக்கு நாலாயிரம் சாதனங்களின் கள ஆய்வு என்று ஜெகதீஸ்வரன் பத்து நிமிஷம் புகழ்ந்தார். எந்தக் களம், யாருடைய நாலாயிரம் என்று ஒரு சொல் இல்லை. பாண்டீஸ்வரி காத்திருந்தாள். பேர் பின்னால் வரும் என்று நினைத்தாள்.

திரையில் படங்கள் ஒவ்வொன்றாக மாறின. ஒரு பெரிய வட்டம் வந்தது. அதில் முக்கால்வாசி சிவப்பு.

“சாதனங்களின் செயலிழப்புக்கான காரணங்கள்,” என்று ஹரி வாசித்தான். “நுகர்வோரின் கவனக்குறைவு, எழுபத்தோரு சதவீதம். எழுத்தறிவின்மை, பன்னிரண்டு சதவீதம். வறுமை, ஒன்பது சதவீதம். ஈ, கொசு முதலிய பூச்சிகள், எட்டு சதவீதம்.”

முதலில் அவளுக்குப் புரியவில்லை. நாலு காரணம், நாலு எண். ஈ, கொசு என்பதைத் திரும்பப் படித்தபோதுதான் விளங்கியது. அவளுடைய ‘ஈ’யை அவன் ஈயாகவே எடுத்துக்கொண்டிருக்கிறான். எலியை எழுத்தறிவின்மை ஆக்கியிருக்கிறான். வயசான பிரிட்ஜ்களெல்லாம் வறுமையில் செத்திருக்கின்றன. ‘க’ என்றால் கவனக்குறைவு. ஒன்பது வருஷமாக அவள் சால்டரிங் புகைக்குள் கண்ணெரிய உட்கார்ந்து, ஊர்க்காரர்கள் மேல் குற்றமில்லை என்று எழுதிவைத்த சீட்டையெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் மேலேயே எறிந்திருக்கிறான்.

ஹரி தொடர்ந்து பரிந்துரைகளை வாசித்தான். கிராம மக்களுக்கு விழிப்புணர்வு தேவை. சாதனம் வாங்கும்போதே ஸ்டெபிலைசரும் கூடுதல் வாரண்டியும் வாங்க வேண்டும். இரண்டும் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதை மட்டும் தீசிஸில் எழுதாமல் விட்டிருந்தான்.

பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்பது விதி. ஜெகதீஸ்வரன் அதைச் சொன்னதும், ஏற்கெனவே சொல்லிவைத்த இரண்டு பேர் எழுந்து, இந்த ஆய்வின் எதிர்காலப் பயன் என்ன என்றும், இதைச் செய்யத் தூண்டுதலாக இருந்தது எது என்றும் கேட்டார்கள். ஹரி ஒன்றுக்குச் சமுதாயம் என்றும் மற்றதுக்கு அப்பா என்றும் பதில் சொன்னான். ஐயாத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாண்டீஸ்வரி எழுந்தாள்.

“கவனக்குறைவுன்னு போட்டிருக்கீகளே. அது எதை வச்சுப் போட்டீக?”

“சீட்டுல ‘க’ன்னு இருந்துச்சு. அதான்…” என்றான் ஹரி. கேட்பது யார் என்று அப்போதுதான் கவனித்தான்.

“அந்தச் சீட்டை எழுதினது நான். ‘க’ன்னா கரண்டு.”

பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமுவது போல மாற்றிக்கொண்டார்.

“டிவி போர்டுல கரண்ட் உள்ள வார எடத்துல நீலக் கலர்ல ஒரு வில்லை இருக்கும்,” என்று அவள் தொடர்ந்தாள். “கரண்ட் கூடிப் பாஞ்சா, தான் வெடிச்சு மத்ததைக் காப்பாத்துறதுக்குன்னே வச்சது. அந்தச் சீட்டுல பாதிக்கு மேல வில்லை வெடிச்சதுன்னு எழுதியிருக்கேன். அதை யாரு கவனக்குறைவா வெடிக்க வைக்க முடியும்? நீங்க ஒரு டிவியையாவது கழட்டிப் பாத்தீகளா?”

ஹரி வழிகாட்டியைப் பார்த்தான். வழிகாட்டி தொண்டையைச் செருமினார்.

“அம்மா, இது வணிகவியல் ஆய்வு. கழட்டிப் பாக்குறது இதோட எல்லைக்குள்ள வராது.”

“வோல்டேஜ் கூடுறது குறையிறதுக்கு ஸ்டெபிலைசர் வாங்காததும் ஒரு வகையில கவனக்குறைவுதான்,” என்று ஹரி சேர்த்துக்கொண்டான்.

“ஆமாம், ஆமாம்,” என்றார் ஜெகதீஸ்வரன். “தவிர, காரணத்தோட பேரு எதுவா இருந்தாலும் சதவீதம் மாறலையே. எழுபத்தொண்ணு எழுபத்தொண்ணுதான்.”

அவள் தூரத்துப் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேனாவை நிறுத்தி வைத்திருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

“இந்தக் கருத்தை அடுத்தகட்ட ஆய்வுக்கான பரிந்துரையில் சேர்த்துக்கொள்ளலாம்,” என்றார்.

இரண்டு நிமிஷத்தில் ஹரி முனைவர் ஆகிவிட்டான். கடை வேலைக்காரர்கள் கை தட்டினார்கள். சால்வைகள் வந்தன.

சாப்பாட்டுப் பந்திக்குப் போகிற வழியில் ஹரி அவளை ஓரமாக நிறுத்தினான்.

“ஏங்க்கா, என்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாம்ல. இத்தனை பேருக்கு முன்னாடி…”

“இப்பத் தனியாத்தான் சொல்றேன். மாத்துவீகளா?”

“பைண்டிங் ஆயிருச்சுக்கா.”

அவன் அதை உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னான். புத்தகத்தைத் தைத்து ஒட்டி அட்டை போட்டுவிட்டால் உள்ளே இருப்பது உண்மையாகிவிடும் என்று அவன் நம்பினான். நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டியும் காட்டினான். ஐயாத்துரைக்கு ஒரு பத்தி, ஜெகதீஸ்வரனுக்கு இரண்டு பத்தி, கணினியில் தட்டச்சு செய்தவருக்கு ஒரு வரி. கடைசியில், “தகவல் தந்து உதவிய திருச்சுழி வட்டாரப் பழுது நீக்குநர் ஒருவருக்கும்” என்று இருந்தது.

பாண்டீஸ்வரி சாப்பிடாமல் வந்துவிடவில்லை. பந்தியில் உட்கார்ந்து, இரண்டாம் தரம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பட்டுச்சேலை முழங்கையை உரசுவது தெரிந்தது. அந்த ஆட்களைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துத்தானே இதைக் கட்டினாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அதை மடிக்காமல் பெட்டிக்குள் திணித்தாள். இன்பராஜ் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும்.

அது மாசி மாசம். சித்திரையில் அவள் கடைக்கு எதிரே பஸ் நிறுத்தச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒத்தப்பனைக்குளத்தில் மின்சாதன விழிப்புணர்வு முகாம், சிறப்புரை முனைவர் ஹரி, அனைவரும் வருக, தேநீர் உண்டு. பக்கத்தில் அவன் படம், கழுத்தில் சால்வையோடு. ஜெராக்ஸ் கடைக்காரர் கூப்பிட்டுக் காட்டினார்.

“போகலையா நீ? உன் ஆளு பேசப் போறாரே.”

“கழுதை கத்துறதைக் கேக்க பஸ் ஏறிப் போகணுமாக்கும்,” என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

முகாம் நடந்து பத்து நாளில் ஒரு சாயங்காலம் சுழிக்காற்று அடித்து, மழை பெய்யாமல் போயிற்று. மறுநாள் ஒத்தப்பனைக்குளத்திலிருந்து ஆறு டிவியும் இரண்டு மிக்ஸியும் ஒரு செட்டாப் பாக்ஸும் வந்தன. ஒன்பதையும் கழற்றினாள், வெடித்ததையும் கருகியதையும் மாற்றினாள், ஒன்பது சீட்டில் ‘க’ எழுதினாள், கம்பியில் குத்தினாள். கொண்டுவந்தவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. எழுதி என்ன கிழிந்தது என்ற வெறுப்பு அவளுக்குள் ஊறிப்போயிருந்தது.

ஆடி பிறந்து முதல் வாரத்தில் ஜக்கம்மாள் ஒரு டிவியைச் சேலையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். ஒத்தப்பனைக்குளத்துக்காரி. ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், நூறு நாள் வேலையில் முன்னால் நின்று மண் வெட்டுகிற உடம்பு. மகன் திருப்பூரில் இருக்கிறான். டிவி சித்திரையிலேயே போய்விட்டது, இப்போது மகன் ஊருக்கு வந்தவன் சரி பண்ணச் சொன்னான் என்றாள்.

“மூணு மாசமா ஏன் கொண்டாரல?”

“கொண்டாந்து என்னத்துக்கு? நல்லா வச்சுப் பொழைக்கத் தெரியாத சிறுக்கி வீட்டுல இருந்தா எத்தனை தடவை சரி பண்ண?”

மருமகள் அழகுத்தாயைத்தான் சொல்கிறாள். டிவி போன அன்றைக்கு அவள்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதற்குப் பத்து நாளைக்கு முன்னால்தான் ஒரு டாக்டர் ஊருக்கு வந்து மைக்கில் பேசியிருக்கிறார். டிவி கெட்டுப்போவதற்குப் பொம்பளைகளின் கவனக்குறைவுதான் காரணம், நூற்றுக்கு எழுபத்தோரு பேர் அப்படித்தான், படித்துப் பட்டம் வாங்கி நிரூபித்திருக்கிறேன் என்று. ஜக்கம்மாள் அந்த எண்ணை மறக்கவில்லை. மகன் வாங்கிப்போட்ட டிவியை ஈரக்கையால் தொட்டுக் கெடுத்தவள் என்று தினமும் திட்டியிருக்கிறாள். ஒரு நாள் தெருவில் நிற்க வைத்து, “எழுபத்தொண்ணுல நீ ஒருத்தி” என்று சொல்லியிருக்கிறாள். அழகுத்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நரிக்குடியில் அம்மா வீட்டுக்குப் போனவள், இன்னும் வரவில்லை.

பாண்டீஸ்வரி கேட்டுக்கொண்டே பின்மூடியைக் கழற்றினாள். நீல வில்லை இரண்டாகப் பிளந்து கரியாகக் கிடந்தது. அதைச் சாமணத்தால் பிடுங்கி ஜக்கம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு சித்திரை மாசக் கம்பியை எடுத்து ஒன்பது சீட்டையும் ஒவ்வொன்றாக உருவி மேசையில் போட்டு, பேர்களை வாசித்தாள்.

“எல்லாம் உங்க ஊரு. எல்லாம் ஒரே சாயங்காலம். உன் மருமக இந்த ஒம்பது வீட்டுக்கும் போயி ஈரக்கையை வச்சாளா?”

ஜக்கம்மாள் சீட்டுகளைப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஒன்பது பேரையும் தெரியும்.

“அப்ப அந்த டாக்டரு?”

“அவன் ஊசி போடுற டாக்டரும் இல்ல, டிவி பாக்குற டாக்டரும் இல்ல. உங்க ஊரு ட்ரான்ஸ்பார்மர்லதான் கோளாறு.”

“இம்புட்டு நாளும் தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்,” என்றாள் பாண்டீஸ்வரி.

மறுநாள் அவள் கடையைத் திறக்கவில்லை. ஒத்தப்பனைக்குளத்துச் சீட்டுகளை மட்டும் பிரித்து எடுத்து, தேதி வாரியாக ஒரு பெரிய அட்டையில் ஒட்டினாள். ஏழு தேதி, எழுபத்தெட்டுச் சீட்டு. சரி பண்ண முடியாமல் மாற்றிப் போட்ட அந்த ஊர்ப் பழைய போர்டுகள் ஒரு சாக்கு இருந்தன. ஜக்கம்மாள் ஊரில் பதினான்கு பெண்களைத் திரட்டியிருந்தாள். எல்லோருமாக மின்சார ஆபீஸுக்குப் போய், சாக்கை மேசைமேல் கவிழ்த்தார்கள்.

பழைய ஆள் மாறிப் போயிருந்தார். இம்மானுவேல் என்று ஒரு புதுப் பொறியாளர், முப்பது வயசுக்குள் இருப்பார். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. பிறகு அட்டையைப் பார்த்தார், ஒரு போர்டை எடுத்துப் புரட்டினார், அடுத்ததை எடுத்தார்.

“எல்லாத்துலயும் ஒரே எடத்துல போயிருக்கு.”

“அதுக்குத்தான் கொண்டாந்தோம்.”

“இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“மூணு வருசத்துக்கு முன்னாடியே சொன்னேன். டிவிக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லன்னு அனுப்பிட்டாக.”

“அப்ப நான் இல்ல.”

“இப்ப இருக்கீகள்ல, வாங்க.”

அவர் வந்தார். அதற்காக அவரை நாலு வார்த்தை பாராட்டலாம். மத்தியானம் லைனை நிறுத்திவிட்டு வயர்மேன் ட்ரான்ஸ்பார்மர் மேல் ஏறினார். நியூட்ரல் கம்பியைப் பிடித்திருந்த திருகு உருகி, தொட்டும் தொடாமலும் தொங்கிக்கொண்டிருந்தது. கருகிய துண்டை வெட்டி எறிந்து, புதுசாக ஒன்றை வைத்து முறுக்கி, கீழே இறங்க நாற்பது நிமிஷம் ஆனது. ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்து, முந்நூற்றிருபது பக்கம் எழுதி, சால்வை போர்த்திக்கொண்ட ஒருத்தன் இதன் பக்கத்தில்தான் பந்தல் போட்டு மைக்கில் பேசிவிட்டுப் போயிருக்கிறான். ஏழெட்டு அடி தள்ளி, அன்றைக்கு நட்ட பந்தல் கால் குழிகள் இன்னும் மூடாமல் கிடந்தன.

பெண்கள் கலைந்தார்கள். ஒருத்தியும் பாண்டீஸ்வரிக்கு நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. ஜக்கம்மாள் மட்டும், “நரிக்குடிக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸு?” என்று கேட்டாள்.

ஜக்கம்மாள் போய்க் கூப்பிட்டதும் அழகுத்தாய் வந்துவிடவில்லை. எந்தத் தெருவில் வைத்துச் சொன்னாயோ அதே தெருவில் வைத்து, தப்பு என்னுது என்று சொன்னால் வருகிறேன் என்றாளாம். ஜக்கம்மாள் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, மகன் திருப்பூருக்குத் திரும்புகிற நாள் நெருங்கியதும், அதே தெருக் குழாயடியில் பத்துப் பேர் இருக்கும்போது சொன்னாள். போனில் அதைப் படம் பிடித்து மகன் அழகுத்தாய்க்கு அனுப்பினான். அருப்புக்கோட்டையில் ஹரி எப்போதும்போல இருந்தான். கடைப் பலகையில் பேருக்கு முன்னால் முனைவர் ஏறிவிட்டது. அடுத்து அந்தக் கல்லூரியிலேயே அவனை வழிகாட்டியாகப் போடப்போகிறார்கள் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் செய்தி கொண்டுவந்தார். இனி அவன் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, ஆளுக்கொரு முனைவரை உண்டாக்குவான்.

ஆடிக் கடைசியில் ஒரு காலை, நரிக்குடி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாகக் கடை வாசலில் வந்து நின்றாள். ஒல்லியான உடம்பு, வெட்டுகிற மாதிரி பார்வை.

“நீங்கதானா பாண்டீஸ்வரி?”

“ஆமா.”

“நான் அழகுத்தாயி. ஒத்தப்பனைக்குளம்.”

பாண்டீஸ்வரி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

“அந்த ஆளு பேசுறதுக்கு முந்தியே அது பொய்யின்னு ஒங்களுக்குத் தெரியுமாம்ல. எங்க அத்தை சொன்னாக.”

“தெரியும்.”

“நோட்டீஸு இந்தா, ஒங்க கடைக்கு எதுக்கத்தான் ஒட்டியிருந்துச்சு. எங்க சின்னம்மா இங்க பஸ் மாறுறப்பப் பாத்தாக.”

பாண்டீஸ்வரி கையிலிருந்த சால்டரிங் கோலைத் தாங்கியில் வைத்தாள்.

“அன்னைக்கு ஒரு நடை வந்து அந்தக் கூட்டத்துல சொல்லியிருந்தீங்கன்னா, நான் மூணு மாசம் எங்க ஆத்தா வீட்டுல, போற வாரவ எல்லாம் என்ன ஏதுன்னு கேக்க, தலை குனிஞ்சு கெடந்திருக்க மாட்டேன்.”

அவள் சத்தம் போடவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரிகூட இல்லை. ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போக வந்தவள் போலச் சொன்னாள். பாண்டீஸ்வரிக்கு ஹரியைப் பற்றி, ஜெகதீஸ்வரனைப் பற்றி, ரயிலுக்கு ஓடிய பேராசிரியரைப் பற்றி, அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசிக் கடையோடு இருந்துவிட்டதைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. வாய் வரைக்கும் வந்தது.

“வந்திருக்கணும்,” என்று மட்டும் சொன்னாள்.

அழகுத்தாய் தலையை அசைத்தாள். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஒத்தப்பனைக்குளம் போகிற மினி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். பாண்டீஸ்வரி கடையை அப்படியே விட்டுவிட்டு, பையை வாங்கிக்கொண்டு அவளோடு நடந்தாள்.